ஆசிரியைக்கு வந்த கடிதமும் பள்ளிக்கு வராத பெண்பிள்ளைகளும்

1967-ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலியின் பிளாரன்சு நகரில் வெளிவந்த சிறு நூலொன்று, தேர்வில் தோற்ற மாணவன் தன்னைத் தோற்கடித்த ஆசிரியைக்கு எழுதும் மடலாக அமைந்துள்ளது. 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்பது அதன் பெயர். நூலாசிரியர் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் 'பார்பியானாப் பள்ளி' என்று மட்டுமே அச்சாகியிருக்கும். மலைநாட்டு உழவர் வீட்டுச் சிறுவர் எண்மர் கூடி எழுதிய நூல் அது. அவர்களுக்குக் கற்பித்த அருள்தந்தை லொரென்சோ மிலானி, நூல் வெளிவந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில், ஜூன் 26-ஆம் நாள், நெடுநாள் நோயின் முடிவில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 44.

இந்நூலை நான் முதலில் படித்தது நோரா ரோசி, டாம் கோல் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பில். அதன் தலைப்பில் 'ஆசிரியை' என்ற பெண்பாற்சொல் இல்லை. ஆங்கிலத்தில் ஆசிரியர் என்ற சொல்லுக்குப் பால் கிடையாது. உள்ளே விளிக்கும்போதுதான் எதிரில் நிற்பவர் ஒரு பெண் என்பது தெரியவரும். இத்தாலிய மூலத்தின் தலைப்பிலோ அது முதலிலேயே வெளிப்படை. தமிழில் பெயர்க்கும்போதும் 'ஆசிரியை' என்றே சொல்ல இயலும், சொல்லவும் வேண்டும். குற்றம் சாட்டப்படுபவர் ஒரு பெண். குற்றம் சாட்டுவோர் சிறுவர். இதை மறந்து இந்நூலைப் படிப்பவர் அதன் பாதியைத்தான் படிக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், முதல் வாசிப்பில் எனக்கு ஏற்பட்டது சினமே என்பதை மறைக்க விரும்பவில்லை. அண்மையில் இரண்டாம் முறை படித்தேன். சினம் தணியவில்லை, ஆனால் அதற்கான காரணம் மாறிவிட்டது. அதைப் பற்றியே இக்கட்டுரை.

மிலானி ஏழையாய்ப் பிறந்தவரல்லர். 1923-இல் பிளாரன்சில் செல்வமும் கல்வியும் நிரம்பிய குடும்பத்தில் பிறந்தார். தாய் ஆலிச்சே வைஸ், சமயப் பற்றில்லாத யூதப் பெண்மணி. தந்தைவழிக் கொள்ளுத்தாத்தா தொமேனிக்கோ கொம்பாரெத்தி, தம் காலத்தின் பெரும் செம்மொழி அறிஞர். வீடெங்கும் நூல்கள். ஓவியம் பயின்ற இளைஞர் 1943-இல் மனமாற்றமடைந்து குருமடம் சேர்ந்தார், 1947-இல் குருவானார். கலென்சானோ என்னும் நெசவாலை வட்டாரத்தில் துணைப்பங்குத்தந்தையாயிருந்தபோது தொழிலாளர்க்கு மாலைப்பள்ளி நடத்தினார். கட்சி, சமய வேறுபாடின்றி இளைஞர் வந்ததால், பங்கில் பூசல் எழுந்தது. 1954 டிசம்பரில் அவர் பார்பியானாவுக்கு மாற்றப்பட்டார். மூடிவிடலாம் என்று மறைமாவட்டம் எண்ணியிருந்த மலைப்பங்கு அது. ஏறக்குறைய நூறு பேர், சிதறிக் கிடந்த வீடுகள், மின்சாரமில்லை, குழாய்நீரில்லை, ஒழுங்கான சாலையுமில்லை. வந்து சேர்ந்த மறுநாளே அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் தமக்கென ஓர் இடத்தை அவர் விலைக்கு வாங்கினார் என்பர். தண்டனையாக வந்த இடத்தையே தம் இடமாக்கிக்கொண்ட மனிதர்.

அவருடைய 'மேய்ப்புப் பணி அனுபவங்கள்' என்ற நூல் 1958-இல் வெளியாகி, அவ்வாண்டு இறுதியிலேயே உரோமையின் ஆணையால் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. படைச்சேவையை மனச்சான்றின்படி மறுப்போரை ஆதரித்து 1965-இல் எழுதியதற்காக வழக்கையும் சந்தித்தார். 2017 ஜூன் 20-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் பார்பியானா சென்று அவர் கல்லறையில் செபித்தார். இடையில் அறுபது ஆண்டுகள். திருச்சபை தன் நல்ல பிள்ளைகளை அடையாளம் காண எடுத்துக்கொள்ளும் காலம் பற்றி வேறொரு கட்டுரை எழுதலாம்.

இனி நூலுக்கு வருவோம். அக்காலத்து இத்தாலியில் ஐந்தாம் வகுப்பை முடித்த குழந்தைகள் இரு வழிகளாகப் பிரிக்கப்பட்டு வந்தனர்: இலத்தீன் கற்று மேலே போவோர் ஒருபுறம், கைத்தொழிலுக்கு ஆயத்தமாவோர் மறுபுறம். 1962 டிசம்பர் இறுதியில் நிறைவேறிய சட்டம் இப்பிரிவினையை நீக்கி, 14 வயது வரை யாவர்க்கும் ஒரே நடுநிலைப்பள்ளி என வகுத்தது. கதவு திறந்தது. ஆனால் உள்ளே வந்த ஏழைப் பிள்ளைகள் தேர்வில் தோற்கடிக்கப்பட்டு, அதே வகுப்பில் மீண்டும் நிறுத்தப்பட்டு, சலித்துப்போய், வயலுக்கும் ஆலைக்கும் திரும்பினர். சட்டம் திறந்த கதவை மதிப்பெண் மூடியது. கடிதத்தின் மையக் குற்றச்சாட்டு இதுவே.

இதை நிறுவ அச்சிறுவர் இரு பெயர்களை உருவாக்கினர். பியெரினோ மருத்துவரின் மகன். பள்ளிக்கு வருமுன்பே படிக்கத் தெரிந்தவன். ஆகவே மேல்வகுப்பிலேயே சேர்க்கப்படுகிறான். ஜான்னி ஏழையின் மகன். வீட்டில் பேசும் மொழி பள்ளி மொழியன்று. இரண்டு முறை தோற்று வெளியேறுகிறான். இருவரையும் ஒரே வினாத்தாளால் அளப்பது நேர்மை என்று ஆசிரியை நம்புகிறார். சமமற்றோரிடையே சமமாகப் பங்கிடுவதைப் போன்ற அநீதி பிறிதில்லை என்பது சிறுவரின் வாதம். நலமுள்ளோரை வைத்துக்கொண்டு நோயாளிகளைத் துரத்தும் மருத்துவமனைக்கு அப்பள்ளியை அவர்கள் ஒப்பிடுவது புகழ்பெற்ற உவமை. நூறு ஆடுகளில் ஒன்று தொலைந்தால் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டுத் தேடிச்செல்லும் ஆயனைப் பற்றி ஞாயிறுதோறும் கேட்கும் நமக்கு, இது புதிய கருத்தன்று. கணக்கோடு சொல்லப்படுவதுதான் புதிது.

நூலின் உண்மையான வலிமை அக்கணக்கில் இருக்கிறது. மேல்நாட்டு அறிஞர் இதே காலத்தில் இதே உண்மையைக் கண்டறிந்து கொண்டிருந்தனர். பிரான்சில் பியெர் பூர்தியூவும் ழான்-குளோத் பஸ்ரோனும் 1964-இல் வெளியிட்ட 'வாரிசுகள்' என்னும் நூல், கல்லூரி என்பது ஏற்கெனவே பெற்றவர்க்கே மேலும் தருகிறது என்று காட்டியது. அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் 1966-இல் வெளிவந்த பேரறிக்கை, பள்ளிக் கட்டடத்தையும் கருவிகளையும்விட மாணவரின் குடும்பப் பின்னணியே தேர்ச்சியோடு நெருங்கிய தொடர்புடையது என்று கூறியது. அவை கற்றோர் செய்த ஆய்வுகள். பார்பியானாவில் ஆய்வு செய்தவர்கள் தோற்றவர்களே. பள்ளிப் பதிவேடுகளைத் தேடிச்சென்று பார்த்து, பிறந்த ஆண்டையும் தந்தையின் தொழிலையும் படியெடுத்து, ஆண்டுக்கு ஆண்டு ஒரு வகுப்பிலிருந்து யார் யார் காணாமற்போகிறார் என்று அட்டவணை போட்டனர். உழவர் மக்கள் உதிர்ந்து விழுகின்றனர்; உயர்தொழில் செய்வோர் மக்கள் கரையேறுகின்றனர். தோல்வி என்பது ஒருவனுடைய தனிப்பட்ட இழிவு என்று நம்ப வைக்கப்பட்ட சிறுவன், தன்னைப் போன்ற ஆயிரவரை எண்ணிப் பார்த்து, இது ஓர் ஒழுங்கில் நடைபெறுகிறது என்று கண்டுகொள்ளும் கணம் இந்நூலில் இருக்கிறது. அதற்காகவே எந்த ஆசிரியரும் இதைப் படிக்க வேண்டும்.

எழுதிய முறையும் கவனிக்கத்தக்கது. ஒவ்வொருவரும் தோன்றியதைத் துண்டுத்தாள்களில் எழுதுவர். பின்னர் அவற்றை மேசைமேற் பரப்பி, ஒத்தவற்றைச் சேர்த்து, திரும்ப வருவதை நீக்கி, கடினச் சொல்லை எளிய சொல்லால் மாற்றி, மிகையான ஒவ்வொரு சொல்லையும் வெட்டுவர். இவ்வாறு மாதக்கணக்கில் உழைத்தனர். விளைவு, சுருங்கச் சொல்லும் கூர்மையான உரைநடை. தனித்தனி ஆளுமையே இலக்கியத்தின் ஊற்று என்று நம்புவோர்க்கு இது ஓர் இடறல். நம் கட்டுரைப் போட்டிகளில் முதற்பரிசு பெறும் அணிநடையை இதனருகில் வைத்துப் பார்த்தால் நாணம் உண்டாகும்.

பார்பியானாப் பள்ளி இனிமையான இடம் என்று எவரும் எண்ண வேண்டா. ஆண்டு முழுதும் பள்ளி, ஞாயிறும் விடுமுறையன்று. விளையாட்டு வேளை கிடையாது. மிலானி கண்டிப்பானவர், பொறுமையற்றவர். ஆனால் மாணவர் ஓடிவிடவில்லை. அவர்களுள் ஒருவனுக்கு வீட்டுத் தொழுவத்தில் 36 மாடுகள். சாணம் அள்ளுவதைவிடப் பள்ளி எப்போதும் மேலானதே என்று அவன் சொன்னதாக நூல் கூறுகிறது. கல்வித் தத்துவ நூல்கள் பலவற்றைவிட அவ்வொரு சொல் எனக்கு அதிகம் கற்பித்தது. வீட்டில் காத்திருக்கும் வேலையின் கடுமைதான் பள்ளியின் இனிமையை அளக்கும் கோல்.

இவ்விடத்தில்தான் என் இரண்டாம் வாசிப்பு தடுக்கியது. அத்தொழுவத்தில் அவனுக்கு அக்காளோ தங்கையோ இருந்திருந்தால், அவன் பள்ளிக்குப் போன வேளையில் சாணத்தை அள்ளியது யார்?

கடிதம் பெண்பிள்ளைகளை முற்றிலும் மறந்துவிடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் ஊர்ப்பெண்கள் ஒருவரும் வரவில்லை என்றும், பாதையின் கடுமை ஒரு காரணமாயிருக்கலாம், பெற்றோரின் மனப்போக்கு மற்றொரு காரணமாயிருக்கலாம் என்றும், பெண்ணுக்கு அறிவு வேண்டியதில்லை என்று நினைப்பதும் இனவெறியின் ஒரு வகையே என்றும் சிறுவர் எழுதுகின்றனர். 1967-இல், மலைநாட்டுப் பையன்கள் எழுதிய வரிகள் என்ற அளவில் இவை வியப்புக்குரியவை. பிற்காலத்தில் பெண்கள் சிலர் அப்பள்ளியிற் சேர்ந்தும் பயின்றனர். ஆயினும் சில வரிகளோடு நூல் அதைக் கடந்து போய்விடுகிறது. ஜான்னிக்கு நூறு பக்கம். அவன் தங்கைக்கு அரைப்பத்தி. உழவன் மகன் ஏன் தோற்கிறான் என்று ஊர் ஊராய்ப் பதிவேடு தேடியவர்கள், உழவன் மகள் ஏன் வரவில்லை என்ற வினாவுக்கு 'இருக்கலாம்' என்ற சொல்லோடு நின்றுகொண்டனர். எண்ணத் தெரிந்தவர்கள் இங்கே எண்ணவில்லை.

அவர்களுடைய அட்டவணையின் தலைப்பையே மீண்டும் பாருங்கள்: தந்தையின் தொழில். தாயின் தொழிலுக்குப் பத்தியே இல்லை. சமூகப் பின்னணி என்பது தந்தைவழியே வருவது என்பது அக்கால ஆய்வாளர் யாவரும் ஐயமின்றி ஏற்றிருந்த கருத்து. சிறுவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் வீட்டிற் பேசும் மொழியே பள்ளியில் வெற்றி தோல்வியை முடிவு செய்கிறது என்று வாதிடும் நூல், அம்மொழியைக் குழந்தைக்குக் கற்றுத்தந்தவள் யார் என்று கேளாதது வியப்பே. மிலானியின் சொந்த வாழ்வே அதற்கு விடை. அவருக்கு நூல்களும் மொழிகளும் வந்த வழிகளில் தாய்வழியும் ஒன்று.

அடுத்து, அந்த ஆசிரியை. கடிதம் அவரைக் கடுமையாகச் சாடுகிறது: குறைந்த மணி நேரம் வேலை செய்கிறார், நீண்ட விடுமுறை அனுபவிக்கிறார், மதியம் வீட்டுக்குப் போய்விடுகிறார். தோற்ற மாணவன் படித்தது தொடக்கப்பள்ளி ஆசிரியரை உருவாக்கும் பயிற்சி நிலையத்தில். அங்கு பயின்றோரிற் பெரும்பாலோர் பெண்கள். மற்ற மேனிலைப்பள்ளிகளைவிட ஓராண்டு குறைந்த படிப்பு, முடித்தவுடன் வேலை. நடுத்தர வகுப்புக் குடும்பங்கள் தம் பெண்களை அங்கு அனுப்பியதற்கு அதுவே காரணம். பாதிநாள் வேலை பெண்ணுக்கு உகந்தது என்று கருதப்பட்டதற்குக் காரணம், மீதிப் பாதிநாள் அவளுக்காக அடுப்படியிற் காத்திருந்தது. ஆசிரியையின் வகுப்புச் சலுகையைக் கண்ட சிறுவரின் கண்களுக்கு அவருடைய இரண்டாம் பணிநேரம் தெரியவில்லை. அது சலுகையும் சுமையும் ஒன்றாய்க் கலந்த நிலை. எனக்கு அது நன்கு தெரியும். மாலை நான்கரை மணிக்குப் பள்ளி விட்டதும் நான் ஓடியது ஓய்வுக்கன்று.

முழுநேரப் பள்ளி நடத்துவதற்குத் தடையாயிராத குடும்பம் வேண்டும் என்று கடிதம் சொல்கிறது. கணவனும் மனைவியும் ஆசிரியராயிருந்து, நேரக் கணக்கின்றி யாவர்க்கும் திறந்த வீட்டில் வாழ்வது ஒரு வழி. காந்தி அதைச் செய்தார் என்கிறது. மற்றொரு வழி மணத்துறவு. காந்தியின் பெயர் இங்கு வருவது நமக்கு நெருக்கமான செய்தி. ஜொகன்னஸ்பர்க் நகருக்கருகில் 1910-இல் தொடங்கிய தோல்ஸ்தோய் பண்ணையில் அவர் கற்பித்த குழந்தைகளுட் பலர் தமிழர் மக்கள்; போப்பையரின் தமிழ்க் கையேட்டைக் கொண்டு தாம் அரைகுறையாய்க் கற்ற தமிழை அவர்களுக்குச் சொல்லித்தந்ததாகத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். ஆனால் அப்பண்ணையிலேயே நடந்த வேறொன்றையும் அவரே எழுதியுள்ளார். பையன்கள் இரு பெண்களைக் கேலி செய்தபோது, அப்பெண்களின் நீண்ட கூந்தலை வெட்டிவிடத் தீர்மானித்து, தம் கையாலேயே வெட்டினார். குற்றம் செய்தவர் பையன்கள். கூந்தல் இழந்தவர் பெண்கள். தூய உள்ளம் படைத்தோரின் பள்ளியிலும் கணக்கு இப்படித் தீர்க்கப்படுவதுண்டு. காந்தியின் திறந்த வீட்டில் அடுப்பெரித்தவர் யார் என்பதையும், முறையான பள்ளிக் கல்வி மறுக்கப்பட்டதாக மூத்தமகன் ஹரிலால் மனங்கசந்ததையும் நாம் அறிவோம். கடிதமும் அப்பிள்ளைகள் தந்தையைப்போல் வளரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறது. கஸ்தூர்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் அப்பள்ளியில் ஓர் ஆசிரியை இருந்தார். அதேலே கொர்ராதி, அரசு நடுநிலைப்பள்ளி ஆசிரியை. 1963 முதல் பார்பியானாவுக்கு வந்து மிலானியோடு உழைத்தவர். கடிதம் உருவான மேசையருகிலும் இருந்தவர். தம் நினைவுகளை அவர் நூலாக வெளியிட்டது 2012-இல்தான்; அப்போது அவர் எண்பத்தைந்து வயதைக் கடந்திருந்தார். ஆசிரியைக்கு எதிரான கடிதத்தின் பிறப்பில் ஓர் ஆசிரியையின் கையும் இருந்தது. நூலை வெறுமனே பெண்வெறுப்பு என்று ஒதுக்கிவிட எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். என் சினம் திசைமாறியதும் இதனால்தான். அவர்கள் ஆசிரியையைத் தாக்கியது எனக்கு வருத்தமில்லை. தாக்கியது போதவில்லை என்பதே வருத்தம். அவரும் எப்படி உருவாக்கப்பட்டார் என்பது வரை அவர்கள் போயிருக்க வேண்டும்.

பார்பியானாவின் பெண்பிள்ளைகள் ஒரு கடிதம் எழுதியிருந்தால் அது எப்படி இருந்திருக்கும்? அதற்கு இணையான ஒன்றை நான் நம் மொழியிலேயே காண்கிறேன். பாமாவின் 'கருக்கு' 1992-இலும் 'சங்கதி' 1994-இலும் வெளிவந்தன. முன்னது வெளிவந்தபோது நம் வட்டாரங்களில் எழுந்த முணுமுணுப்புகள் பலருக்கு நினைவிருக்கும். ஒரு தலித் கத்தோலிக்கப் பெண், கன்னியர் மடத்திற் சேர்ந்து, அங்கிருந்து வெளியேறி, தன் வாழ்வைத் தன் ஊர் வழக்கிலேயே எழுதினார். அதையும் ஒரு கடிதமாகப் படிக்கலாம். பெறுநர் முகவரி நம்முடையது.

'கருக்கு' காட்டும் பள்ளிக் காட்சிகள் பார்பியானாவை விடக் கொடியவை. பள்ளி வளாகத்துத் தென்னையிலிருந்து விழுந்த தேங்காயைத் திருடினாள் என்று ஏழாம் வகுப்புச் சிறுமி மீது பழி சுமத்தப்படுகிறது. பங்குத்தந்தையிடம் போய் முறையிட்டால், சேரிக்காரி, செய்திருப்பாய் என்ற பொருளில் அவர் விடையளிக்கிறார். ஜான்னி மொழியறியாதவன் என்று தோற்கடிக்கப்பட்டான். இங்கே சிறுமி நன்றாகப் படிக்கிறாள், முதலிடம் பெறுகிறாள், ஆயினும் திருடி. மதிப்பெண்ணால் துடைக்க முடியாத ஒன்று அவள்மேல் எழுதப்பட்டிருக்கிறது. கல்வித் தேர்ச்சியும் சமூகப் பின்னணியும் எவ்வாறு தொடர்புடையன என்று கேட்போர், தேர்ச்சி பெற்ற பிறகும் பின்னணி எவ்வாறு துரத்துகிறது என்ற இவ்வினாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதை மிலானியின் சிறுவர் அறியார். அவர்களுடைய உலகில் சாதியில்லை. படித்து முன்னேறினால் மதிப்பு தானே வரும் என்று பாமாவுக்கு அண்ணன் சொன்ன அறிவுரை ஒருவகையிற் பலித்தது, ஒருவகையிற் பொய்த்தது. அவ்விரண்டையும் ஒருசேரச் சொல்லும் நேர்மையால் 'கருக்கு' உயர்ந்த நூலாகிறது.

'சங்கதி'யில் பாட்டி பேரனுக்குத் தரும் தின்பண்டம் பேத்திக்குக் கிடைப்பதில்லை. ஆண்பிள்ளைகள் உண்ட பின்னரே பெண்கள். மைக்கண்ணி என்னும் சிறுமி தீப்பெட்டி ஆலைக்குப் போகிறாள்; தாய் பிள்ளை பெற்றால் அப்பிள்ளையையும் அவளே வளர்க்கிறாள். ஜான்னியின் தங்கையைப் பற்றி பார்பியானா எழுதாத பக்கங்கள் இவை என்று எனக்குத் தோன்றியது. கலைநயம் பற்றிய ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன்: 'சங்கதி'யில் சம்பவம் முடிந்த பின்னர் வரும் உரையாடல்கள் சில இடங்களில் நீண்டுவிடுகின்றன. மைக்கண்ணியைப் பார்த்த பிறகு நமக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. துண்டுத்தாள்களை வெட்டிய அம்மேசை இங்கும் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

இது பழைய கதையன்றோ என்று கேட்கலாம். இன்று பெண்கள் முந்திவிட்டனர். தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டு மேனிலை இரண்டாம் ஆண்டுப் பொதுத்தேர்வில் மாணவியருள் 96.44 விழுக்காட்டினரும் மாணவருள் 92.37 விழுக்காட்டினரும் தேர்ச்சி பெற்றனர். முந்திய ஆண்டில் 96.38, 91.45. ஆண்டுதோறும் 'வழக்கம்போல் மாணவியரே அதிகம்' என்று நாளேடுகள் எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. உலகெங்கும் ஏறக்குறைய இதே நிலைதான். 15 வயது மாணவர்க்காகப் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 2018-இல் நடத்திய பன்னாட்டுத் தேர்வில், உறுப்பு நாடுகளின் சராசரியை எடுத்துக்கொண்டால், வாசிப்பில் பெண்கள் ஆண்களைவிட 30 புள்ளிகள் முன்னிருந்தனர். ஆனால் அதே தேர்வில், அதே பாடத்தில், வசதி மிகுந்த வீட்டுப் பிள்ளைகள் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளைவிட 89 புள்ளிகள் முன்னிருந்தனர். பாலினம் ஏற்படுத்தும் இடைவெளியைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு. பியெரினோவும் ஜான்னியும் அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் அவரவர் இடத்திலேயே இருக்கின்றனர். இன்னொன்றும் உண்டு. கணிதத்தில் பையன்கள் பெண்களை விஞ்சியது சராசரியில் 5 புள்ளிகளே. மிலானியின் இத்தாலியில் அது 16. ஒரே வகுப்பறையில் ஒரே பெண் வாசிப்பில் முந்துகிறாள், கணக்கில் பிந்துகிறாள். பிறவியின் இயல்பு என்று இதை விளக்க முற்படுவோர், நாட்டுக்கு நாடு அவ்விடைவெளி ஏன் மாறுகிறது என்பதையும் விளக்க வேண்டும்.

மாணவியரின் இவ்வெற்றியைக் கண்டு மகிழ்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அதன் விலையை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஏழை வீட்டுப் பெண்ணுக்குத் தேர்வு என்பது வீட்டைவிட்டு வெளியே செல்ல இருக்கும் ஒரே அனுமதிச்சீட்டு. தோற்றால் அடுத்த மாதமே திருமணப் பேச்சு. ஆகவே படிக்கிறாள். அவள் தம்பிக்குத் தெரு இருக்கிறது, விளையாட்டு இருக்கிறது, பட்டறையிலும் கட்டட வேலையிலும் கைமேற் காசு இருக்கிறது, அவன் நழுவிவிடுகிறான். வறுமை ஒன்றே, அது மகளை ஒருவிதமாகவும் மகனை வேறுவிதமாகவும் பிடிக்கிறது. அவள் தேர்ச்சியைப் 'பெண்களின் அடக்கம்' என்று மேடையில் பாராட்டுவோரைக் கேட்டு நான் பலமுறை தலைகுனிந்திருக்கிறேன். பார்பியானாச் சிறுவர் பெருமையாகக் கருதியது அடக்கத்தையன்று, பேசும் திறனை. அவ்வளவுகோலால் அளந்தால் நம் மாணவியர் பெற்ற மதிப்பெண் என்னவாகும் என்று தெரியவில்லை.

கடிதம் மூன்று சீர்திருத்தங்களைக் கேட்டது: கட்டாயக் கல்வி வகுப்புகளில் எவரையும் தோற்கடிக்கலாகாது, மந்தமாகத் தோன்றுவோர்க்கு முழுநாள் பள்ளி வேண்டும், சோம்பியிருப்போர்க்குப் படிப்பின் நோக்கத்தைக் காட்ட வேண்டும். நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் முதலாவதை எட்டாம் வகுப்பு வரை ஏற்றது. 2019-இல் அது திருத்தப்பட்டது. 2024 டிசம்பரில் நடுவண் அரசு, தன் பொறுப்பிலுள்ள பள்ளிகளில் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் மறுதேர்விலும் தோற்போரை நிறுத்திவைக்க விதி செய்தது. தமிழ்நாடு அரசு தொடர் தேர்ச்சியே நீடிக்கும் என்று அறிவித்தது. இவ்விவாதத்தில் இரு தரப்பினரும் மறந்தது இரண்டாவது சீர்திருத்தத்தை. நாம் தேர்ச்சியை மட்டும் கொடுத்தோம். மாலை நேரத்தைக் கொடுக்கவில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாமல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த குழந்தையைக் காட்டித் தொடர் தேர்ச்சியைப் பழிப்போர், மிலானி கேட்டதில் மூன்றிலொரு பங்கைச் செய்துவிட்டு மருந்து பலிக்கவில்லை என்கின்றனர். ஏழைகளுக்கும் குடும்ப உதவியற்றோர்க்கும் முதற்கவனம் செலுத்தும்படி கத்தோலிக்கப் பள்ளிகளை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கல்வி பற்றிய அறிக்கை 1965-இலேயே கேட்டுக்கொண்டது. சேர்க்கை நாளன்று நம் பள்ளி வாயில்களில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்க்கு அவ்வறிக்கையின் நிலை தெரியும்.

என் பங்கையும் சொல்ல வேண்டும். 1980-களில், ஊர்ப்பெயர் வேண்டா, ஒரு பங்குப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியையாயிருந்தேன். ஒரு மாணவி நாள்தோறும் முதல் பாடவேளைக்குப் பிந்தி வருவாள். முதல் பாடவேளை கணக்கு. ஆண்டிறுதியில் கணக்கில் தோற்றாள். முன்னேற்ற அட்டையில் 'கவனக்குறைவு' என்று எழுதினேன். பொதுக்குழாயில் தண்ணீர் வரும் நேரமும் என் பாடவேளையும் ஒன்றே என்பது பின்னாளில், அதே பள்ளியில் எட்டாம் வகுப்பிற் படித்த அவள் தம்பியிடமிருந்து தெரியவந்தது. அவன் ஒருநாளும் பிந்தியதில்லை. அடுத்த ஆண்டு அவன் வந்தான்; அவள் வரவில்லை. பதிவேட்டில் 'நீண்டநாள் வராமை' என்று எழுதிப் பெயரை நீக்கியதும் நானே.

அந்த ஆண்டுகளின் சேர்க்கைப் பதிவேடுகள் இன்றும் அப்பள்ளியின் இரும்பு அலமாரியில் உள்ளன. பெயர், பிறந்த நாள், சாதி, தந்தையின் தொழில், நீங்கிய நாள், நீங்கிய காரணம் என்று பத்திகள். தாயின் தொழிலுக்கு அங்கும் பத்தியில்லை. சென்ற மாதம் தலைமையாசிரியையான அருட்சகோதரியிடம், அவற்றைப் பார்த்து எண்ணிக்கொள்ள அனுமதி கேட்டேன். எதற்கு என்று கேட்டார். கடிதத்தைப் படிக்கக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து நூலைத் திருப்பித் தந்தபோது, சாவியையும் தந்தார். ஆண்பிள்ளைகளுக்கு ஒரு தாளும் பெண்பிள்ளைகளுக்கு ஒரு தாளுமாகக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். 1979 வரை முடித்தாயிற்று.